முப்பத்தோராவது நிமிடம்

இந்த எபிசோடு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதே தண்டபாணி முடிவு செய்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே ரிமோட்டோடு இதே முடிவைத்தான் எடுத்தார், அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான், ஆனால் அதையெல்லாம் இப்போது நினைத்துக்கொண்டிருந்தால் ஆகிற காரியமும் ஆகாது. மத்தியானம் இரண்டே முக்கால். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். ஆரம்பப் பாட்டு, கடைசியில் பேர் ஓடுவது எல்லாம் கழித்தால் நாற்பத்தெட்டு. ஒரு மனுசன் தன் பெண்டாட்டியிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள நாற்பத்தெட்டு நிமிடம் போதாதா, தாராளமாகப் போதும், ஒரே ஒரு வாக்கியம்தானே, அதையும் குளியலறையில் சொல்லிப் பார்த்தாயிற்று. சாந்தாமணிக்காக ஹாலுக்கே கொண்டுவந்து போட்டிருந்த கட்டிலில் அவள் மூன்று தலையணைக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். தயிர்சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, கிண்ணம் அப்படியே இருக்கிறது, எறும்பு வருவதற்குள் எடுத்து வைக்க வேண்டும். வியாழக்கிழமை டாக்டர் அவரை மட்டும் வெளியே கூப்பிட்டு, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான், கார்த்திகை தீபம் வரைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இப்போது புரட்டாசி பிறந்து ஒரு வாரம். ஆக இது இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு, அதில் இன்றைக்கு ஒன்று போகிறது. "போடுங்க, எதுக்கு அதையவே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க?" என்றாள் சாந்தாமணி. அவர் போட்டார்.

சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: போன வருசம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி நீ கட்டி இருக்கிறது என்று சொன்னபோது நான் காதில் வாங்காமலே ம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், எழுதினால் ஒன்றரை வரி. தேதி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால் டிவிக்குள் பார்த்த பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, எந்த எபிசோடை எந்த நாளில் பார்த்தோம் என்று அது மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது, மனுசன் மறந்தாலும் அது விடாது. இதே தொடரின் முதல் சீசன், ஏழாவது எபிசோடு, ஆகஸ்ட் பதினேழு. திரையில் ஒரு குளிர்சாதனக் கிடங்கு, அதன் சரக்கு லிஃப்டில் இரண்டு மாடிப் பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தைய புதன்கிழமைக்குப் போய்விடலாம் என்று சிவப்புக் கோட்டுக்காரி முதன்முதலாகக் கண்டுபிடிக்கிற கட்டம், உலகத்தில் எவனுக்கும் அந்த இடத்தில் கண்ணை எடுக்க மனசு வராது. பின்னால் அடுப்படியிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சாந்தாமணி வந்து நின்றாள். ஏனுங், இங்க நெஞ்சுக்கிட்ட சின்னதாக் கட்டியாட்ட இருக்குது, வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங், தையில பையன் மிதுன் வந்துட்டுப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாமுங்களா. ம். அவ்வளவுதான் நடந்தது. அவள் நெஞ்சு என்று சொன்னாளா, இல்லை கை அக்குளைக் காட்டினாளா, அது தெரியாது, ஏனென்றால் அவர் திரும்பவில்லை. தையில, பாத்துக்கலாமுங்களா என்ற இரண்டு சொல் மட்டும்தான் அப்போது உண்மையாகக் காதில் விழுந்தது, மற்றதெல்லாம் ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தானே கோத்துக்கொண்டது. ம் என்றால் என்ன? கதை சொல்கிறவருக்கு ம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவர் நிறுத்திவிடுவார். ம் என்றால் கேட்கிறேன், ம் என்றால் சரி, ம் என்றால் மேலே சொல், ம் என்றால் இப்போது ஆளை விடு. வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம் என்பதால் சோம்பேறிகளுக்கு அதைப் போல வசதியான பேச்சு வேறு கிடையாது. பள்ளிக்கூடத்தில் அதை மெய்யெழுத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள், அதில் மெய் எங்கே இருந்தது, கர்மம். அந்த எபிசோடை அவர் பிறகு பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட்டார். முப்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட விடுவார். முப்பத்தோராவது நிமிடத்தில் சிவப்புக் கோட்டுக்காரி பட்டனை அமுக்குவாள், லிஃப்ட் ஆடும், விளக்கு அணையும், எல்லாம் அச்சுப் பிசகாமல் அன்றைக்கு நடந்த மாதிரியே நடக்கும், பின்னால் அடுப்படியிலிருந்து மட்டும் ஒருவரும் வர மாட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, பம்ப்செட்டு கம்பெனியில் அவருக்கு வேலையே காதை வைத்துக் கேட்பதுதான். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, இந்த பேரிங் இன்னும் மூன்று மாதம்தான் என்பார், மூன்று மாதத்தில் அது போய்விடும். தண்டபாணி அண்ணன் காது வைத்தால் தப்பாது என்று அங்கே பேர்.

"இந்த மொட்டையன் ஆருங்? போன வாரம் செத்துப் போனவந்தானே?" என்றாள் சாந்தாமணி. "அது பெரிய மொட்டையன். இது அவனேதான், பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இருக்கறவன்." "அப்ப எதுக்கு அப்பவே மொட்டை?" நியாயமான கேள்விதான், நோட்டில் குறித்து வைக்கலாம். பழைய டைரி ஒன்றில் அவர் இந்தத் தொடருக்காகப் படம் போட்டு வைத்திருந்தார், நடந்த காலம் நீல மையில், திரும்பப் போன காலம் சிவப்பு மையில், இரண்டாவது சீசன் வந்த பிறகு பச்சையும் வாங்க வேண்டியதாயிற்று. 'மறுபடியும் புதன்கிழமை' என்று தமிழில் பேர் வைத்திருந்தார்கள். ஊர் ஏதோ பனி கொட்டுகிற ஊர், ஸ்வீடனோ நார்வேயோ, பேசுகிறவர்கள் எல்லாம் மேடையில் நிற்கிற மாதிரித் தமிழ் பேசுவார்கள். கதை இவ்வளவுதான், சிவப்புக் கோட்டுக்காரியின் புருசன் ஒரு புதன்கிழமை படகில் ஏறிப் போனவன் திரும்பவில்லை, அவனைத் தடுக்க அவள் அந்தப் புதன்கிழமைக்கே திரும்பத் திரும்பப் போகிறாள். இதை இருபது எபிசோடாக இழுக்க முடியுமா என்றால் முடியும், அங்கேதான் அதன் ருசியே. அவள் படகின் சாவியை ஒளித்து வைத்தால் அவன் வேறு படகு வாங்குகிறான், அந்த இன்னொரு படகுக்காரனின் மகன்தான் மொட்டையன், மொட்டையன் வளர்ந்து லிஃப்டைக் கட்டுகிறான், லிஃப்ட் இல்லாவிட்டால் சாவி ஒளிந்திருக்காது. இதை மனசுக்குள் நிறுத்திப் பார்ப்பதற்குள் தலைக்குள் இருக்கிற அத்தனை இடமும் நிரம்பிவிடும், வேறு எந்த நினைப்பும் நுழைய இடம் இருக்காது, அதுதான் அவருக்குப் பெரிய சுகம். கஷ்டமான கதையாக இருக்க வேண்டும். சுலபமான கதை என்றால் நடுவில் மனசு நழுவி ஆகஸ்டுக்குப் போய்விடும். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கதையில் எந்த நிமிடமும் வீணாய்ப் போவதில்லை, எவனோ கதவைச் சாத்தினான், எவளோ காபியைக் கொட்டினாள் என்றால்கூட ஆறு எபிசோடு கழித்து அங்கே யாராவது மூச்சு வாங்க ஓடி வந்து நிற்கிறார்கள், இந்த நிமிடத்தால்தான் எல்லாம் கெட்டது என்கிறார்கள். ஒரு ஊரைக் கெடுக்க அங்கே மூன்று தலைமுறையும் ஒரு லிஃப்டும் வேண்டியிருக்கிறது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், தண்டபாணிக்கு அந்த அளவு வாய்கூட வேண்டியிருக்கவில்லை. அப்புறம் கிளை என்று ஒரு கணக்கு, அதை மொட்டையன்தான் இரண்டாவது சீசன் மூன்றாவது எபிசோடில் பலகையில் எழுதி விளக்குகிறான்: நீ போய் மாற்றினால் மாறியது வேறு கிளையாகப் பிரிந்து போய்விடும், நீ விட்டு வந்தது விட்டு வந்தபடியேதான் இருக்கும். அந்தக் கணக்குப்படி எங்கேயோ இன்னொரு தண்டபாணி இருக்கிறான், அவன் அன்றைக்கு ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பினான், என்ன சொன்னே என்று கேட்டான், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனான். அங்கே சாந்தாமணி இந்நேரம் துணி மடித்துக்கொண்டு மொட்டையனைத் திட்டிக்கொண்டிருப்பாள். அந்த இன்னொருவனை நினைத்தால் தண்டபாணிக்குப் பொறாமையில் வயிறு எரியும், நிஜமாகவே எரியும். அவனுக்குத் தான் எதிலிருந்து தப்பித்தோம் என்றுகூடத் தெரியாது, மடையன், இன்னமும் எதற்கெடுத்தாலும் ம் போட்டுக்கொண்டு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பதினெட்டாவது நிமிடம். சொல்லலாம், இப்போது திரையில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, யாரோ பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சொன்னால் அவள் என்ன கேட்பாள்? எப்போ நான் சொன்னேன் என்று கேட்டுவிட்டால்? ஏனென்றால் ஏப்ரலில் டாக்டர், நீங்க முதல்ல எப்பம்மா கவனிச்சீங்க என்று கேட்டபோது, பொங்கலுக்கு அப்புறந்தானுங் சார், மூணு மாசம் இருக்கும் என்று அவள் யோசிக்காமல் சொன்னாள். தண்டபாணி பக்கத்திலேயே நின்றிருந்தார், ஸ்கேன் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஆகஸ்டுங்க சார் என்று சொல்லியிருக்கலாம், டாக்டருக்கு அது உபயோகப்பட்டிருக்கும், வாய் வரவில்லை. டாக்டர் அதைக் கேட்டு, மூணு மாசத்துல இவ்வளவு ஓடியிருக்காதே என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு எழுதினார். அன்றிலிருந்து இந்த ஆறு மாதமாக அவர் மனசு அந்த ஒரு இடத்தையே செக்குமாடு மாதிரிச் சுற்றுகிறது. அவளுக்கு மறந்துவிட்டதா? மறந்திருந்தால் இப்போது போய் ஞாபகப்படுத்துவது பாவம், சாகப்போகிறவளுக்குக் கொடுத்தனுப்புகிற சீர் அதுதானா? மறக்கவில்லை, டாக்டர் முன்னால் புருசனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மறைத்தாள் என்றால், ஆறு மாதமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு இவருக்கு ரசம் கரைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், புளி இவ்வளவு போதும், உப்பைக் கடைசியில் போடுங்க என்று. அது இன்னும் பயமாக இருந்தது. அவள் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம். போச்சாதுங்க என்று சொல்லிவிட்டால்? எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு சொல் இருக்கிறது, பால் பொங்கி ஊற்றினாலும் போச்சாது, மழையில் துணி நனைந்தாலும் போச்சாது, போகட்டும் விடு என்று அர்த்தம். அதை இதற்கும் சொல்லிவிட்டால் அவர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? "சித்தே தண்ணி குடுங்க" என்றாள். அவர் எழுந்து டம்ளரை வாயருகே பிடித்தார். தொண்டை எலும்பு ஏறி இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார். மருந்துக்குப் பிறகு முளைத்த முடி குட்டையாக, நரையில்லாமல் கருகருவென்று இருந்தது, மற்ற எல்லாம் கெட்டுப்போக அது மட்டும் எதற்கு இப்படி அழகாக வருகிறது? அவளை இழக்கப்போகிறோம் என்பது அந்த முடியைப் பார்க்கும்போதுதான் அவருக்கு முழுசாக உறைக்கும், அப்போது அழுகை வரும், அதனால் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குப் போனார். திரும்பி வருவதற்குள் முப்பத்தோராவது நிமிடம் தாண்டியிருந்தது. அவருக்கு அது ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி.

சிவப்புக் கோட்டுக்காரி ஐந்தாவது தடவையாக லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை விடியற்காலையிலேயே போய்விடுவது, புருசன் கண் விழிக்கும் முன்னால் கட்டிலருகே நின்று, போகாதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று திட்டம். இது சரியான திட்டம் என்று தண்டபாணிக்குப் பட்டது, இதை அவர் முதல் சீசனிலேயே நினைத்தார், சாவியை ஒளிப்பது படகை ஓட்டை போடுவது என்று சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே. "இந்தத் தடவை நிறுத்தீருவா" என்றார். சாந்தாமணி திரையைப் பார்த்தபடியே சிரித்தாள், சிரித்தால் இப்போது மூச்சு வாங்குகிறது. "எங்க நிறுத்தறா? அவ விடியால போனா அவன் மத்தியானம் கெளம்புவான். மத்தியானம் போனா பொழுதோட கெளம்புவான். போகோணும்னு இருக்கறவன் அதுக்குன்னு ஒரு நேரம் பாத்து வெச்சிருப்பானுங்க. அவளுக்கு அதே வெளங்க மாட்டேங்குது பாருங்க, நேரத்தையே புடிச்சுத் தொங்கறா." தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைத் தொடருக்குச் சொல்கிறாளா, அவருக்கா? ரிமோட்டை அமுக்கினார். லிஃப்டின் கதவு பாதி மூடியபடி நின்றது. "சாந்தா, போன வருசம் ஆகஸ்டுல..." என்று ஆரம்பித்தார், குளியலறையில் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒரு சொல் கூட வரவில்லை, "நீ வந்து சொன்னயே, நான் டிவி பாத்துட்டிருந்தேன்... நான் திரும்பலே. நீ சொன்னதையே நான் கேக்கலே சாந்தா. சும்மா ம்முன்னுட்டேன்." சொல்லிவிட்டார். அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், ரொம்ப நாளாக வராத ஒறம்பரைச் சொந்தம் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. "அதைய இப்பத்தான் சொல்றீங்களாக்கும்" என்றாள். "உனக்கு ஞாபகம் இருக்குதா?" "ஏன் இல்லாம? கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானுங்க அந்த நேரத்துக்கு வந்து சொன்னேன்." அவருக்குப் புரியவில்லை, நிஜமாகவே புரியவில்லை. அவள் தலையணையில் கொஞ்சம் சரிந்துகொண்டு, சோறு பொங்குகிற கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "எங்க அக்காளுக்கும் இதே எடத்துல இதே கட்டிதானுங்க. அறுத்து, கரண்டு வெச்சு, முடியெல்லாம் கொட்டி, ரெண்டு வருசம் படுத்தியெடுத்துத்தான் அனுப்புனாங்க. கையில பட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தை வரைக்கும் நல்ல உசுரா இருந்துக்கலாம்னு இருந்தது. மிதுன் வாரான், பையன் வந்து நாலு நாளைக்கு வாய்க்கு ருசியாத் திங்கட்டும். நீங்க காதுல வாங்கியிருந்தீங்கன்னா அன்னைக்கே இழுத்துட்டு ஓடியிருப்பீங்க. உங்கள ஒரு வார்த்தை கேக்காமயே இருந்தாலும் எனக்கு மனசு உறுத்தும். அதான் அந்த லிஃப்டு ஆடறப்ப வந்து கேட்டேன். நீங்களும் ம்முன்னுட்டீங்க, கேட்டாப்பலயும் ஆச்சு." "அன்னைக்கு நான் திரும்பியிருந்தா?" "திரும்பியிருந்தா, குழம்புக்குப் புளி இல்லீங்கன்னு சொல்லீட்டுப் போயிருப்பேன். அடுத்த வாரம் வேறெதாவது பாத்துட்டு உக்காந்திருப்பீங்கல்ல? அப்பக் கேட்டிருப்பேன்." அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "நான் எத்தனையோ அப்பிடித்தானுங்க கேட்டிருக்கறேன். இந்தச் செவுத்துக்கு மஞ்சக் கலரு, மிதுன அந்தக் காலேஜ்ல சேத்துனது, என்ற தம்பி வந்து எட்டு மாசம் நம்மூட்டுல இருந்தது, எல்லாமே நீங்க டிவியோ பேப்பரோ பாக்கறப்பக் கேட்டதுதான். இல்லீன்னா இந்தக் குடித்தனம் ஓடியிருக்குங்களா? போடுங்க, அவ என்ன பண்றாள்னு பாக்கலாம்."

அவர் போட்டார். லிஃப்டின் கதவு மீதிப் பாதியும் மூடியது. ஆறு மாதமாக அழுத்திக்கொண்டிருந்த கல்லை இறக்கி வைத்தாயிற்று, இனி லேசாக இருக்க வேண்டும், ஆனால் அவருக்கு உட்கார்ந்திருக்கிற தரையே இல்லாத மாதிரி இருந்தது. முப்பத்தோராவது நிமிடம் என்று ஒன்று இல்லவே இல்லை. பத்துத் தடவை திரும்பப் போய் நின்ற இடம் அவளாகப் பார்த்துப் பொறுக்கிய ஒரு நாள், அது இல்லாவிட்டால் இன்னொன்று, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த மாதிரி நிமிடங்கள் ஏராளமாகக் கிடந்தன, அத்தனையையும் அவர்தான் இருபத்தேழு வருசமாக உற்பத்தி செய்து குவித்திருக்கிறார். அந்த இன்னொரு கிளையில் இருக்கிற தண்டபாணியும் தப்பிக்கவில்லை, அவனிடம் அடுத்த வாரம் கேட்டிருப்பாள். அப்படியானால் எந்த நாளுக்குப் போக வேண்டும்? போய்த்தானே ஆக வேண்டும், எதையோ ஒன்றைத் திருத்தினால் கட்டி கையில் பட்டதும் அவள் அலறிக்கொண்டு அவரிடம் ஓடி வருகிறவளாக ஆகியிருப்பாள், அந்த நாள் எது? அவர் பின்னால் போக ஆரம்பித்தார். சுவருக்கு மஞ்சள் அடித்த வருசம், அப்போதும் ம். அதற்கு முன்னால் மிதுனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றியது, ம், செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மிதுன் பிறந்து மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என்னவோ மெதுவாகக் கேட்டாள், என்ன கேட்டாள், ஞாபகமே இல்லை, ஆனால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், பல்லடத்தில் அவள் அப்பன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை. அங்கே டிவியில் ஏதோ கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, கடைசி ஓவர். கேசரியும் காரமும் வைத்திருந்தார்கள். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டது, அவர் சரியாகப் பார்த்தாரா என்றால் பார்த்தார், நீலச் சேலை. அவள் அப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, மாப்பிள்ளை, எங்க பொண்ணை உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா என்று கேட்டார். பந்து மேலே போயிருந்தது, பிடிப்பானா விடுவானா என்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் கேசரி இருந்தது. ம் என்றார். அறைக்கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அதன் பின்னால்தான் சாந்தாமணி நின்றிருந்தாள், அந்த ம் அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.